ஒரு பக்கம் போதும் என்றேன்

என் அருளுக்கு,

பாஸ் பண்ணிவிட்டேன்டா. நீ இருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பாய், அதனால் முதலில் சொல்கிறேன். நீ பெங்களூரில் எழுதிய அதே நெட்வொர்க் லேப் பரீட்சை, அதே எட்டு மணி நேரம். சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய செய்திதான். என்னால்தான் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்ததும் படிக்க உட்காருவோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ திண்டிவனத்தில் அம்மா வீட்டில், நான் விழுப்புரத்தில் என் வீட்டில். உன் லேப்டாப்பில் மென்பொருளாக ஒரு ரௌட்டர், என்னுடையதில் ஒன்று, நடுவில் ஸ்பீக்கரில் போட்ட போன். இரண்டு ரௌட்டரையும் ஒன்றோடொன்று பேச வைக்க வேண்டும். என் முகவரியை நீ உன்னிடம் எழுத வேண்டும், உன் முகவரியை நான் என்னிடம் எழுத வேண்டும். அதற்கு மேல் இன்னொரு வரி உண்டு: எந்த முகவரியிலிருந்து கூப்பிடுகிறோம் என்று சொல்லும் வரி. தெரியாத நம்பரிலிருந்து வந்தால் போனை எடுக்காத ஆள் மாதிரிதான் ரௌட்டரும்.

ஒரு நாள் நீ கேட்டாய். "யக்கா, அந்த லைன ரெண்டு பக்கமும் போடணுமா?"

"ஒரு பக்கம் போட்டா போதும்டா. நான்தான் போட்டுக்கினு இருக்கறேனே, வேலை செய்யுதுல்ல?" என்றேன்.

வேலை செய்தது உண்மைதான். என் ரௌட்டர் சரியான முகவரியிலிருந்து கூப்பிட்டது, உன்னுடையது எடுத்தது. எப்போதும் கூப்பிட்டது என் பக்கம்தான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். அக்கா என்ற மிதப்பு.

பரீட்சையில் உனக்கு எதிரே இருந்தது நீ தொடக் கூடாத ரௌட்டர். அது தானாகக் கூப்பிடாது, நீ சரியான முகவரியிலிருந்து கூப்பிட்டால் எடுக்கும். அந்த வரி உன் பக்கம் இல்லை. கடைசி வரை இணைப்பு வரவில்லை. அதை நம்பியிருந்த மற்ற கேள்விகளும் சேர்ந்து போயின.

"அவசரத்துல ஒரு லைன உட்டுட்டேன்க்கா" என்று போனில் சொன்னாய். எந்த லைன் என்று கேட்டேன். சொன்னாய். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது, அருள். தெரிந்த பிறகும் நான் என்ன சொன்னேன்? "கொஞ்சம் நிதானமா பண்ணக் கூடாதாடா?" எழுதும்போதே கூசுகிறது.

அடுத்த ஞாயிறு உன் பக்கமும் அந்த வரியைப் போட்டாய். "ரெண்டு பக்கமும் இருக்கட்டும்க்கா, எதுக்கும்" என்றாய். நீ மறுபடி எழுதப் போகிறாயே, பாஸ் பண்ணிய பிறகு சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் மயிலம் கூட்டுரோட்டில் அந்த லாரி வந்துவிட்டது.

எனக்கு வந்த கேள்வியிலும் அப்படி ஒரு ரௌட்டர் இருந்தது. நீ போட்ட வரியைப் போட்டேன். இணைப்பு உடனே வந்துவிட்டது. நேரம் ஓடுகிறது என்று தெரிந்தும், கீபோர்டில் கையை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பாஸானதற்கு அம்மா பிரியாணி செய்து சொந்தக்காரர்களைக் கூப்பிட்டிருந்தாள். பந்தியில் கோலியனூர்ப் பெரியம்மாவிடம், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "இவ நிதானம்க்கா. அவன்தான் அவசரக்குடுக்கை, அதான் கோட்டை உட்டுட்டான்."

நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். பெரியம்மா இன்னொரு கரண்டி வைத்தாள். அதையும் சாப்பிட்டேன். தொண்டையில் அடைத்திருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். நன்றாகவே இறங்கியது.

போன வாரம் தாங்க முடியாமல் திண்டிவனம் போனேன். அம்மா மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். நான் அழுதேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்டி" என்றாள். "பரிச்ச எழுதிட்டு வந்த அன்னிக்கே சொல்லிட்டான். 'அக்கா சொன்னதுதாம்மா தப்பா பூட்ச்சி. அவளாண்ட கேட்டுக்கினு இருக்காத, பயந்துக்கினு பரிச்சயே எழுத மாட்டா'ன்னான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "தெரிஞ்சுக்கினேவா பெரியம்மாகிட்ட அவன அப்படிச் சொன்ன?"

அம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

"அப்பவாச்சும் நீ வாயத் தொறப்பியான்னு பாத்தேன்."

அருள், நீ என்னைக் காப்பாற்றினாய். அம்மா எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள், அதுவும் தான் பெற்று இழந்த பிள்ளையைத் தானே குறை சொல்லி. நடுவில் நான் என்ன செய்தேன்?

அடுத்த மாதம் உன் நினைவு நாளுக்குப் பூசை வைத்திருக்கிறோம். அதே ஆட்கள்தான் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். இலை போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று, தப்பு யாருடையது என்று பெரியம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொல்வேன். நீ எனக்காக மூடி வைத்ததைத் திறக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. சொல்லி முடித்த பிறகு, அம்மா போட்டால்தான் சாப்பிடுவேன்.

உன்னை அவசரக்காரன் ஆக்கிய உன் அக்கா,
ஜெசிந்தா
விழுப்புரம்