எனக்கு இல்லை என்று சொன்ன கேள்விகள்

காங்னுங்
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சாங்க்யூ அண்ணனுக்கு,

தம்பி கில்நாம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி சுன்னேயும் சுகம். போனில் கூப்பிட்டுப் பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கடிதம் என்றால் மணியடித்துத் தொந்தரவு செய்யாது, நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மலைமேல் இன்னும் பனி கிடக்கிறது. பஸ் பணிமனைச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் சமையல்கார அம்மா முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயில் உப்பே போடுவதில்லை. டிரைவர்களுக்கு ரத்தக்கொதிப்பு வரக்கூடாதாம். நீங்கள் இன்னும் எங்களோடு டிரைவராக இருந்திருந்தால் முதல் நாளே அவரோடு சண்டை போட்டிருப்பீர்கள். நாங்கள் வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுபோய் மேசைக்கடியில் வைத்துச் சாப்பிடுகிறோம்.

உங்களிடம் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. நான் இப்போது சியோல் பஸ் ஓட்டுவதில்லை. போன இலையுதிர் காலத்தில், வண்டி நிறைய ஆட்களோடு நீளமான சுரங்கப்பாதைக்குள் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. மூச்சு உள்ளே இறங்கவில்லை. உள்ளங்கை வேர்த்து வழிந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது என் கையே இல்லை என்பதுபோல் இருந்தது. செத்துவிடப் போகிறேன், பின்னால் இருப்பவர்களையும் கொண்டுபோகப் போகிறேன் என்று நினைத்தேன். எப்படியோ வெளியே வந்து அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தினேன். ஆட்கள் வழக்கமான நிறுத்தம் என்று நினைத்து இறங்கி வால்நட் பணியாரம் வாங்கித் தின்றார்கள். அவர்கள் தின்று முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் அடங்கிவிட்டது. ஆனாலும் சாவியைத் தொட முடியவில்லை. பணிமனைக்குச் சொல்லி வேறு டிரைவரை வரவழைத்தேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் நெஞ்சுக்கு ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறதாம். பிறகும் அதேபோல் வந்தது, ஒருமுறை வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே. மறுபடி ஓடினேன், அதே பதில். சுன்னே என் தங்கையிடம் சொன்னாள்: "உங்க அண்ணன் சாகப்போறேன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடுறாரு, ஒவ்வொரு தடவையும் பசியோட திரும்பி வர்றாரு."

நான் கடலோர ஊர் வண்டிக்கு மாற்றிக் கேட்டேன். அதில் சுரங்கம் கிடையாது. சொந்தக் காரில் சியோல் பக்கம் போவதென்றாலும் மலையைச் சுற்றிப் போகும் பழைய பாதையைப் பிடித்தேன். இயற்கை பார்க்கிறேன் என்று சுன்னேயிடம் கதை விட்டேன். கொட்டும் மழையில், முன்னால் போகும் வண்டியே தெரியாத நாளில், அதே பாதையில் திரும்பியபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. மனநல மருத்துவரிடம் போகலாம் என்றாள். ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எகிறினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"நெஞ்சு வலின்னா ஊரறிய ஓடுறீங்க. பயம்னா மட்டும் ஒளிச்சு வைக்கிறீங்க. ரெண்டும் ஒரே உடம்புலதானே இருக்கு?"

அப்படித்தான் டாக்டர் தக்கிடம் போய்ச் சேர்ந்தேன். கோழி பொரிக்கும் கடைக்கு மேல் மாடி. உள்ளே உட்கார்ந்தால் எண்ணெய் வாசம் வரும், பயப்படுவதா பசியெடுப்பதா என்று தெரியாது. அந்த அம்மா அவசரப்படவில்லை. எத்தனை காபி குடிக்கிறேன், சோஜூ மது எவ்வளவு, வேறு மாத்திரை உண்டா என்றெல்லாம் கேட்டார். தைராய்டு பரிசோதனையும் செய்யச் சொன்னார். அதிலும் ஒன்றுமில்லை என்று வந்த பிறகுதான் நோய் இன்னதென்று சொன்னார்.

"சொல்லாம கொள்ளாம உச்சத்துக்கு ஏறி இறங்குற பயம் இது, பதற்ற நோய்ல ஒரு வகை. ஒரு தடவை வந்துட்டுப் போனா அதை நோய்ன்னு சொல்லமாட்டோம். ஆனா நீங்க, மறுபடி வந்துடுமோன்னு ஒரு மாசத்துக்கு மேல பயந்து, போற வழியையே மாத்திக்கிட்டீங்க. அந்தப் பயமும் இந்த நோய்ல சேர்த்திதான். இதுக்கும் கோழைத்தனத்துக்கும் சம்பந்தமில்லீங்க."

அண்ணே, நாற்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை அந்த நாற்காலியில் அழுதேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமில்லை. நேற்று முன்தினம் மறுபடி போனபோது, இந்த நோயோடு சில பேருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வரும், அதையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் வேறு சில கேள்விகள் கேட்டார். இரண்டு வாரமாக, பெரும்பாலும் தினமும், நாள் முழுக்க மனம் கனத்துக் கிடக்கிறதா? முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லையா? இல்லை என்றேன். சொல்லும்போதே போன புத்தாண்டுக்குக் கோஹூங்கில் உங்கள் தோட்டத்தைப் பார்த்தது ஞாபகம் வந்தது. யூஜா பழங்கள் பறிக்காமல் மரத்திலேயே கறுத்துக் கிடந்தன. பறித்து என்ன ஆகப்போகிறது என்றீர்கள். ஒவ்வொரு கிளைக்கும் முட்டுக்கொடுத்து வளர்த்தவர் நீங்கள்.

விடியும் முன்பே விழிப்பு வந்து தூக்கம் போய்விடுகிறதா? பசியில்லாமல் உடம்பு இளைக்கிறதா? இல்லை, இல்லை. பக்கத்தில் இருந்த சுன்னே சாப்பாட்டுக் கேள்விக்கு மட்டும் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் பெல்ட்டில் நீங்களே ஆணியால் குத்தியிருந்த புது ஓட்டை கண்முன் நின்றது. எதற்கும் உதவாதவன், வீட்டுக்குப் பாரம் என்று தோன்றுகிறதா என்று கேட்டார். நீங்கள் அன்று மதுக்கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திக்கொண்டே, "நான் இல்லாவிட்டால் உன் அண்ணிக்குச் சுமை குறையும்" என்று சொன்னீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

கடைசியாக, வாழவே வேண்டாம் என்று தோன்றியதுண்டா என்றார். நான் சுன்னேயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கில்லை, என் அண்ணனுக்கு என்றேன். கூடப் பிறக்காத அண்ணன் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது:

"நேர்ல பாக்காத ஒருத்தருக்கு நான் நோய்ப் பேர் வைக்க மாட்டேன். ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா, காத்திருக்க வேண்டிய விஷயமாத் தெரியலை. அவர்கிட்டயே நேராக் கேளுங்க. கேக்கறதால அவர் மனசுல இல்லாத எண்ணம் புதுசா வந்துடாது. கேக்காம விட்டாத்தான் தனியாக் கிடப்பாரு."

அன்றே அண்ணியைக் கூப்பிட்டுப் பேசினேன். அவர் வெகுநேரம் அழுதார். உங்களுக்குத் தெரியாமல் பேசியதற்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும், அவர்மேல் வேண்டாம். இந்தக் கடிதத்தை அவர் பெயருக்கு விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், உங்கள் கையில் கொடுப்பவர் அவர்தான். நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுன்சோனில் ஒரு டாக்டரிடம் வியாழக்கிழமைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அதற்கு முன் மனம் மிகவும் இருண்டு போனால், வியாழனுக்காகக் காத்திருக்க வேண்டாம், அண்ணியை எழுப்புங்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

நான் இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி சுன்னேயைப் பக்கத்தில் உட்காரவைத்து முதலில் சின்னச் சுரங்கம், பிறகு அதைவிடப் பெரியது என்று ஓட்டிப் பழகுகிறேன். பயம் வருகிறது, ஏறுகிறது, இறங்கிவிடுகிறது. சுன்னே அந்த நேரத்தில் மளிகைச் சாமான் விலையெல்லாம் ஒப்பிப்பாள். புதன்கிழமை காலையில் இருவரும் உங்களிடம் புறப்படுகிறோம். பழைய பாதையில் சுற்றாமல் நேர்வழியிலேயே வருகிறேன்.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அண்ணே, செத்துப் போய்விடலாம் என்று நினைக்கிறீர்களா?

பதில் எழுத வேண்டாம். புதன்கிழமை நேரில் சொன்னால் போதும். ஆமாம் என்றாலும் சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் பயந்து எழுந்து போகமாட்டேன், புத்திமதியும் சொல்லமாட்டேன். நீங்கள் பேசும்வரை பக்கத்தில் இருப்பேன். பேசாவிட்டாலும் இருப்பேன்.

நான் வரும்வரை நீங்களும் இருங்கள், அண்ணே.

உங்கள் தம்பி,
ஓக் கில்நாம்