டெலியா வீட்டு மோர்

அன்பு மகள் ஊனாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ ஆண்டவர் விட்ட மூச்சில் நடமாடுகிறோம், நீ பாஸ்டன் குளிரில் நெஞ்சுச் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் ஜெபமாலையில் என் வேண்டுதல். நீ வேலை பார்க்கும் வீட்டு அம்மாள் சோடா ரொட்டி செய்யச் சொன்னதாகவும் அது கல்லாகிப் போனதாகவும் எழுதியிருந்தாய். சோடா உப்பை உள்ளங்கையில் வைத்துக் கட்டியில்லாமல் நசுக்கி, உப்போடு மாவில் கலந்து, நடுவில் குழி பண்ணி மோரை ஊற்று. புளித்த மோர்தான் வேண்டும், வெறும் பால் ஆகாது. ஒரு கையால் சேர்த்தால் போதும், பிசையாதே, நீ பிசைந்திருப்பாய், அதுதான் கல்லானது. மோர் பட்டதுமே சோடா வேலையைத் தொடங்கிவிடும், அதனால் உருட்டித் தட்டிச் சிலுவைக் கீறல் போட்டு உடனே நெருப்புக்குப் போக வேண்டும். நம் வீடு மாதிரி இரும்புச் சட்டியில் வைத்து மூடிமேல் தணல் அள்ளிப்போட அங்கே வழியிருக்காது, கேஸ் அடுப்பின் உள்ளறையிலேயே வை. வெந்த ரொட்டியின் அடியில் தட்டினால் காலிப் பெட்டி மாதிரி சத்தம் வர வேண்டும்.

மோர் என்று எழுதியதும் சொல்ல வேண்டியதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நம் பசுவுக்குக் காசநோய் என்று மாட்டு வைத்தியர் குறித்துவிட்டார், இலையுதிர் காலத்தில் லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். கடைப்பாலில் நான் சுட்ட ரொட்டியை அப்பா தேநீரில் முக்கி முக்கித்தான் மென்றார். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை நம் கல்சுவர்மேல் ஒரு தூக்கு நிறைய மோர் இருந்தது, மேட்டு வீட்டு டெலியாவின் தூக்கு. அவள் மகன் மார்ட்டினைக் கட்டமாட்டேன் என்று நீ கப்பலேறிய நாளிலிருந்து அவள் என்னிடம் முகம் கொடுத்ததில்லை, பூசைக்குப் போகும்போதும் சாலையின் அந்தப் பக்கம்தான் நடப்பாள். ஆனாலும் வாரம் தவறாமல் மோர் வந்தது. வெறும் தூக்கைத் திருப்பக் கூடாதென்று பாதி ரொட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைப்பேன். பேச்சு மட்டும் இல்லை.

மகளே, உட்கார்ந்து படி. மார்ட்டின் போய்விட்டான். நீ போன பிறகு அவனும் இங்கிலாந்துக்கு மண் வெட்டப் போனான் அல்லவா, குழாய் போடத் தோண்டிய பள்ளம் சரிந்து மூடிவிட்டதாம். தபால்காரர் தந்தியோடு முதலில் நம் வீட்டுக்குத்தான் வந்தார், தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்கத் தெம்பில்லை, கூட வாருங்கள் என்றார். அப்போதுதான் சட்டியை நெருப்பில் ஏற்றியிருந்தேன், மாவுக் கையோடு போனேன். டெலியா வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். தபால்காரரின் முகத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், தந்தியை வாங்கவில்லை. வெண்ணெய் கடைகிற வீட்டுக்குள் போனவர் மத்தை ஒரு கை பிடிக்காமல் திரும்பக் கூடாது என்பதுதானே நம் ஊர் வழக்கம். “முதல்ல மத்தைப் பிடி. வெண்ணெய் திரளட்டும்” என்றாள். நீ போனதிலிருந்து என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. நான் கடைந்தேன், அவள் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள், தபால்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார். வெண்ணெய் திரண்டதும் நிறுத்தினேன், இன்னும் கொஞ்சம் கடைந்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது. அதன் பிறகுதான் அவள் கையை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்தால் ரொட்டி கரியாகியிருந்தது, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், புகை தெரியவில்லையாம். உடலைக் கப்பலில் கொண்டுவந்து வீட்டில் வைத்தபோது வந்தவர்களுக்கெல்லாம் அன்று கடைந்த மோரில் நான்தான் ரொட்டி சுட்டேன். டெலியா ஒரு துண்டு வாங்கிக் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தாள். அடக்கம் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டாள். நீ இங்கே இருந்திருந்தால் அவனும் இருந்திருப்பான் என்று சொல்லப்போகிறாள் என நினைத்துக்கொண்டே போனேன். அதையும் சொன்னாள், உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. அப்புறம், “வீட்டுல அவன் வாயே தொறக்கமாட்டான். உன் மககிட்டதான் பேசுவான், ரெண்டு பேரும் சிரிக்கிறது இங்க வரைக்கும் கேக்கும். என்ன பேசினான்னு எனக்கு எழுதச் சொல்லு. ஒண்ணுமில்லாத பேச்சா இருந்தாலும் சரி” என்றாள்.

உன்மேல் தப்பு என்று நான் நினைக்கவில்லை, மனமில்லாமல் ஒருத்தனைக் கட்டிக்கொண்டு நீ என்ன வாழ்ந்திருப்பாய். ஆனாலும் எழுது. மன்னிப்பெல்லாம் கேட்காதே, அது அவளுக்கு வேண்டாம், அவன் சொன்ன வேடிக்கைகளை எழுது. கம்பளி உள்சட்டையைக் கழற்றாதே. மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும், அப்பாவும் தன் ஆசியை எழுதச் சொன்னார். இந்த மாதம் ஒரு கடிதத்துக்குத்தான் நேரம் இருக்குமென்றால் எனக்கு வேண்டாம், அவளுக்குப் போடு.

உன் அம்மா
ஹனோரா