யார் யாரைத் தூக்கியது?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சின்னத் தாத்தாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதுகு வலி எப்படி இருக்கிறது, அந்த ஆட்டம் காணும் நாற்காலியை முதலில் தூக்கிப் போடு.

உன் சின்னத் தாத்தா, அதுதான் என் சித்தப்பா, அவருடைய பட்டாளத்துக் கதை உனக்குத் தெரியாததா. பீரங்கி என்று பட்டப்பெயர் வைத்த சிநேகிதன், தும்மினால் முகாமே எழுந்து உட்காருமாம், அவன் குண்டடி பட்டு விழுந்தபோது தானும் காயத்தோடு அவனை முதுகில் சுமந்து ஆற்றைத் தாண்டினேன் என்பார். மறுநாள் முகாம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள், அவன் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள் என்று முடிப்பார். போன மாதம் உன் அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "என்ன மாமா, ஒரு வாளித் தண்ணி தூக்க மூச்சு வாங்குது, முழு ஆளைத் தூக்கினீங்களாக்கும்" என்று கேட்டுத் தொலைத்தார். சித்தப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார், அதோடு பேச்சும் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. சித்தப்பாவிடம் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ராணுவ ஆவணக் காப்பகத்துக்கே போய்விட்டேன். உள்ளே பேனா கூடாதாம், பென்சில்தானாம், ஏசி குளிரில் விரல் விறைத்தது. அங்கிருந்த குமாஸ்தா தேடிப் பார்த்துவிட்டு, "அவர் குண்டடி பட்ட நாள் முகாம் ஆஸ்பத்திரிப் பதிவை ஏற்கெனவே ஒருத்தர் வாங்கியிருக்காங்கம்மா, அதோ ஜன்னலோரம்" என்றார். போய்ப் பார்த்தால் என் வயதுக்காரி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவள். அவளும் அவள் அப்பாவுக்காகத்தான் வந்திருந்தாள். "குச்சின்னு ஒருத்தனை முதுகில போட்டு ஆத்தைத் தாண்டினேன்னு தினம் சொல்றார், வீட்ல ஒருத்தரும் நம்பறதில்லீங்க, அந்தக் குச்சி உயிரோட இல்லைன்னு ஒரே வருத்தம் வேற" என்றாள். பீரங்கி சித்தப்பாவுக்கு வைத்த பட்டப்பெயரல்லவா அது! குச்சி எங்க சித்தப்பாதான், வீட்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கார் என்றேன். அவள் போட்ட கூச்சலில் குமாஸ்தா ஓடிவந்து, "இது படிக்கிற இடம்மா" என்றார். அப்புறம் மூன்று பேருமாகக் குனிந்து பார்த்தோம். இரண்டு பெயரும் ஒரே நாளில், அடுத்தடுத்த வரியில். ஒவ்வொன்றுக்கும் நேரே, "நடந்து வந்தார்" என்று இருந்தது! யாரும் யாரையும் தூக்கவே இல்லையடி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் கண்ணில் நீர் வந்துவிட்டது, படிக்கிற இடம் என்ற அந்த மனிதரும்தான் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அப்பாவை அழைத்து வந்தாள். சித்தப்பா காலையிலேயே முகம் மழித்து, சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பீரங்கி வாசலில் தடியை ஊன்றி நின்று, "நீ செத்துட்டேன்னு சொன்னாங்களேடா குச்சி" என்றார். "எனக்கும் அதேதாண்டா சொன்னாங்க" என்று இவர் போய் அவர் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. உன் அப்பா தண்ணீர் எடுக்கப் போகிறவர்போல உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மன்னிப்பும் கேட்டார், ஆனால் அதைக் கேட்க சித்தப்பாவுக்கு ஏது நேரம், அதற்குள் நான்தான் தூக்கினேன், போடா நீயா தூக்கினே என்று சண்டை ஆரம்பமாகியிருந்தது. சாயங்காலம் வரை ஓயவில்லை. கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பி, "ஆபீஸ் காகிதத்துல என்னம்மா இருக்கு, நீயே சொல்லு" என்றார்கள். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்து சேர்ந்தீங்கன்னு இருக்கு என்றேன். பொய்யில்லையே. உடனே இரண்டு கிழவர்களும் ஒரே குரலில், "பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்றார்கள்.

பீரங்கி இன்னும் ஒரு வாரம் இங்கேதான். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டு வேளைக்குள் சமாதானமாகி, நிறைவாக இருக்க எங்கள் ஆசிகள். மறக்காமல் போன் பண்ணு, சத்தமாகப் பேசு. இரண்டு கிழவர்களில் யார் போனை எடுத்தாலும், தூக்கியது அவர்தான் என்று சொல்லிவிடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா