நல்ல கண்ணைத்தான் மூட வேண்டும்

கோவில்பட்டி,
12-8-1962

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, அமீனா பீவி எழுதும் சலாம். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்து நானும் சின்னவனும் கயத்தாற்று உம்மா வீட்டிலிருந்து வந்து சேர்ந்தோம். உடம்புக்குக் குறைவில்லை. கொழும்பில் கடை எப்படி நடக்கிறது? இங்கே மழையைக் காணோம், கரிசல் வெடித்துக் கிடக்கிறது.

நலம் விசாரித்தாயிற்று. இனி என் கோபத்தையும் படியுங்கள்.

நம் மகள் ஷாஜாதியின் இடது கண் மறுபடி மங்கிவிட்டது. மதுரை டாக்டர் ஒரு வருஷம் பாடுபட்டுக் கொண்டுவந்த பார்வை! கண்ணில் பழுது எதுவுமில்லை, நல்ல கண்ணே எல்லா வேலையையும் பார்ப்பதால் அது சோம்பிவிட்டது, நல்லதை மூடினால்தான் அது உழைக்கும் என்று அவர் சொன்னதை உங்களுக்கு எழுதியிருந்தேன். பார்வை வந்த பிறகும் ஒன்பது வயசுவரை கண்ணாடியைக் கழற்றக் கூடாது, தினம் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை மூட வேண்டும் என்றார். பிரசவத்துக்குப் போகும்போது, பள்ளிக்கூடம் கெடக் கூடாதென்று பிள்ளையை உங்கள் அக்காவிடம் விட்டேன். இதையெல்லாம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு உங்கள் கடிதம் வந்திருக்கிறது. நல்ல கண்ணை ஏன் மூடி வதைக்கிறீர்கள், நோவுள்ள கண்ணுக்கல்லவா ஓய்வு வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மதினிக்கு உங்கள் எழுத்து சர்க்கார் உத்தரவு. மறுநாளே துணியை இடது கண்ணுக்கு மாற்றிக் கட்டிவிட்டார்கள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை கட்டியிருக்கிறார்கள். கண்ணாடி போட்ட பெண்ணை யார் கேட்டு வருவார்கள் என்று அதையும் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று.

நான் வந்து இறங்கியதும், கண்ணுக்குச் சுர்மா மை இட்டுக்கொண்டு பிள்ளை ஓடி வந்தாள். துணி இடது கண்ணில் இருந்ததைப் பார்த்ததும் அவிழ்த்தேன். நல்ல கண்ணைப் பொத்தி ஒரு தீப்பெட்டியைக் காட்டினேன். முன்பெல்லாம் அதன்மேல் ஒட்டிய சீட்டில் இருக்கிற கிளியின் மூக்குவரை சொல்வாள். இப்போது, "என்னமோ பச்சையாத் தெரியுது உம்மா" என்கிறாள்.

மதினியிடம் சத்தம் போட்டேன். "என் தம்பி எழுதுனதைத்தான் செய்தேன். அவன் மாத்தி எழுதட்டும், மாத்திக் கட்டுதேன்" என்கிறார்கள். பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறார்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நான் சரியாகக் கட்டிவிட்டுச் சின்னவனுக்குப் பால் கொடுத்து எழுந்து வருவதற்குள் துணி இடம் மாறிவிடுகிறது. டாக்டரிடம் ஓடினேன். முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஏழு வயசாகிவிட்டது, இனியும் நாளைக் கடத்தினால் என் கையில் ஒன்றுமில்லை என்று கடுகடுத்தார்.

சின்னவன் பிறந்ததற்கு எழுதிய கடிதத்தில் அவன் நிறம், முடி, யார் ஜாடை என்று இரண்டு பக்கம் கேட்டிருக்கிறீர்கள். ஷாஜாதியைப் பற்றி ஒரு வரி இல்லை. வாப்பா என்னைக் கேட்டு எழுதியிருக்காகளா என்றாள். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

எனக்குச் சமாதானம் எதுவும் எழுத வேண்டாம். மதினி பெயருக்கு உடனே ஒரு கடிதம் போடுங்கள். நான் எழுதியது தப்பு, நல்ல கண்ணைத்தான் மூட வேண்டும், கண்ணாடியை எடுத்துக் கொடு, அமீனா சொல்கிறபடி செய் என்று எழுதுங்கள். கடைசி வார்த்தையை எழுதக் கை கூசினாலும் பிள்ளைக்காக எழுதுங்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். நீங்கள் ஊர் வந்து இறங்கும் அன்று, ஷாஜாதி தன் வாப்பாவை இரண்டு கண்ணாலும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
அமீனா பீவி