ஏழாவது சுத்துல ஒரு நம்பர்

பிப்ரவரி 20

மச்சானுக்கு,

நல்லா இருக்கேன்னு எழுதினா சிரிப்பீங்க. சாப்பிடுறேன், தூங்குறேன், வேலை பாக்குறேன். மூணும் அளவோட நடக்குது.

போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. நீங்க "அலோ"ன்னு இழுக்குற இழுப்பு அப்படியே அவளோடது. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே தொண்டை. அவ போயி மூணு மாசமாச்சு, இன்னும் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியல. அதான் பேனா.

அடுத்த மாசம் எட்டாம் தேதி சீசனோட முதல் கார் ரேஸ். நாலு சக்கரமும் வெளிய தெரியுற அதே ஒத்தை ஆள் வண்டிதான், முன் இறக்கை மட்டும் புதுசு. டிரைவரும் புதுசு. பழைய டிரைவர் பெரிய டீமுக்குப் போயிட்டாரு. டயர் தொண்ணூறு டிகிரி சூட்டுக்கு வரணும். வருது. எல்லாம் வரவேண்டிய அளவுக்கு வருது.

இதோட, மூணு மாசமா உங்ககிட்ட வளர்ற என் பொண்ணு வாலுவோட ஸ்கூல் படிவத்தை வெச்சிருக்கேன். உங்க தெரு ஸ்கூல், ஒண்ணாம் கிளாஸ். அப்பாங்குற இடத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். பிள்ளை யார் பொறுப்புல வளருதுங்குற கட்டம் காலியா இருக்கு. உங்க பேரை எழுதிக்கோங்க. ஒரு வருஷத்துக்கு இல்ல மச்சான், முழுசா. பாதி நாள் பெட்டியோட திரியுறவன்கிட்ட ஒரு பிள்ளை எதுக்கு? உங்க வீட்ல அக்கா தலை வாரினா அவ சிரிக்குறா, நான் வாரினா அழறா. கணக்கு நேரா இருக்கு.

மார்ச் முப்பத்தொண்ணு கடைசி நாள்.

உங்க தங்கச்சி வீட்டுக்காரன்


மார்ச் 1

மாப்ளே,

படிவம் வந்துச்சு. உங்க அக்கா மூணு தடவை படிச்சா, அப்புறம் அடுப்படிக்குப் போயி கதவைச் சாத்திக்கிட்டா. கல்யாணமாகி பன்னெண்டு வருஷமா எங்க வீட்ல பிள்ளை இல்லேன்னு உனக்குத் தெரியும். பசியில இருக்குறவன் முன்னாடி தட்டை வெச்சு, எடுத்துக்கோன்னு சொல்ற. இது உதவியா, சோதனையா?

பேனா பாக்கெட்லயே இருக்கு. இன்னும் எழுதல.

நேத்து வாலு என் பைப் ரெஞ்சைத் தூக்கிட்டுப் போயி மேஜைக் கால் நாலையும் முறுக்கிட்டா. கேட்டா, "டயர் மாத்துறேன் மாமா, மூணே செகண்ட்"ங்குறா. இப்ப சாப்பிட உக்காந்தா மேஜை கப்பல் மாதிரி ஆடுது. ஊர்க் குழாயெல்லாம் நான் ரிப்பேர் பண்றேன், என் வீட்டை உன் பொண்ணு ரிப்பேர் பண்றா.

எட்டாம் தேதி ரேஸ் பாத்தே ஆகணுமாம். "ஏழாவது சுத்துக்கு என்னைக் கூப்பிடு"ங்குறா. அதுல என்னடின்னா, "நானும் அம்மாவும் பாப்போம்"னு சொல்லிட்டு ஓடிடுறா. மரை எத்தனை சுத்துல ஏறும்னு கேளு, சொல்றேன். இந்த ஏழாவது சுத்து எனக்குப் புரியல. என்னன்னு எழுது.

வேளைக்குச் சாப்பிடு. அளவோட வேணாம், வயித்துக்குச் சாப்பிடு.

மச்சான்


மார்ச் 9

மச்சான்,

ஏழாவது சுத்து என்னன்னு கேட்டிருந்தீங்க. நேத்து எங்க டீம் மொத்தமும் அதையேதான் கேட்டுச்சு.

ரேஸ் ஓடுறப்ப ஓரச் சுவத்து மேலேருந்து ஒரு பலகையை நீட்டுவோம். ரேடியோ கரகரத்தா டிரைவருக்கு அதுதான் தகவல். மூணு வரி. மேல, எத்தனாவது இடம். நடுவுல, முன்னால போற கார் எத்தனை செகண்ட் தூரம். கீழ, இன்னும் எத்தனை சுத்துல டயர் மாத்த உள்ள வரணும். பிளாஸ்டிக் நம்பரைச் சொருகி நீட்டுறது என் வேலை.

கல்யாணமான புதுசுல அவ கேட்டா, "ஊருக்கெல்லாம் நம்பர் காட்டுறீங்களே, எனக்கு ஒண்ணு காட்டக்கூடாதா?" அன்னிலேருந்து ஏழாவது சுத்துல மட்டும் கீழ் வரி அவளோடது. நான் வீடு வர எத்தனை நாள்னு போடுவேன். டீம் நெட்ல விடுற நேரலையில அந்தச் சுவரு எப்பவும் தெரியும். பழைய டிரைவருக்கு விஷயம் தெரியும். "அது அண்ணி வரி, நான் பாக்க மாட்டேன்"பாரு.

போன சீசன் கடைசி ரேஸ்ல ரெண்டு போட்டேன். மறுநாள் தலை வலிக்குதுன்னா. சாயங்காலம் ஆஸ்பத்திரி. நான் சொன்னபடி ரெண்டே நாள்லதான் வந்தேன் மச்சான். நேரம் தவறல. அவதான் இல்ல.

அந்த ரெண்டு நம்பர் பெட்டியில மேலயே கிடந்திருக்கு. நேத்து ஆறு சுத்து முடிஞ்சப்ப நாங்க மூணாவது இடம். கை தானா போயி எடுத்துச் சொருகிருச்சு. ஏழாவது சுத்து முடிச்சு கார் வந்தப்ப நீட்டின பிறகுதான் பாத்தேன். புது டிரைவர் பாவம், ரெண்டு சுத்துல உள்ள வரச் சொல்றாங்கன்னு படிச்சுட்டாரு. வராதீங்கன்னு ரேடியோல கத்தினோம், கரகரப்புதான் பதில். ஒன்பதாவது சுத்து முடிஞ்சு வந்து நின்னா, டயரெல்லாம் சூட்டுப் போர்வைக்குள்ள, சக்கரம் கழட்டுற ஆள் கையில டீ கப்பு. கிளம்புறப்ப பதினாலாவது இடம்.

மேனேஜர் திட்டல. "வீட்டுக்குப் போயிட்டு வாப்பா"ன்னாரு. திட்டியிருக்கலாம்.

ஒரு நம்பரை ஒழுங்கா சொருகத் தெரியாதவன் பிள்ளையை என்ன வளப்பான்? பேரை எழுதிடுங்க.

நான்தான்


மார்ச் 12

மாப்ளே,

உன் கடுதாசி இன்னிக்குத்தான் வந்துச்சு. ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கக்கூடாதா?

ஞாயித்துக்கிழமை வாலு கம்ப்யூட்டர் முன்னாடி விரலை மடக்கி மடக்கி எண்ணிட்டிருந்தா. அஞ்சாவது சுத்துலதான் விஷயத்தை அவுத்து விட்டா. "ஏழுல அப்பா வர்ற நாள் போடுவாரு மாமா." ஏழு வந்துச்சு, பலகை வந்துச்சு. "ரெண்டு! அப்பா ரெண்டு நாள்ல வராரு!" கத்துன கத்துல கீழ் வீட்டுக்காரங்க ஏறி வந்துட்டாங்க. அதுக்கப்புறம் உன் கார் பதினாலா நாப்பதான்னு இங்க ஒருத்தரும் பாக்கல.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஷூ மாட்டிக்கிட்டு மாடிப்படியில உக்காந்துட்டா. உங்க அக்கா உள்ள கூப்பிட்டா, "அப்பா வந்துட்டுத் திரும்பிப் போயிட்டா?"ங்குறா. சாப்பாடும் படியிலயே. விளக்கு வெக்குற நேரம் பக்கத்துல போயி உக்காந்தேன். "மாமா, அப்பா தப்பா எண்ணிட்டாரோ?"ன்னா. நான் ஷூவைக் கழட்டினேன். விரலெல்லாம் சிவந்திருந்துச்சு. ஷூ சின்னதாயிருச்சு மாப்ளே. நாலு மாசத்துல பிள்ளை வளந்துட்டா. உனக்குத் தெரியாது.

ஒண்ணு சொல்றேன், அடிக்க வராத. அவ விஷயத்தைச் சொன்னதும், ஏழாவது சுத்துல பலகை காலியா வரட்டும்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். காலியா வந்தா மெல்ல மறந்துடுவா, எங்களுக்கே ஆயிடுவான்னு. ரெண்டு வந்ததும் உன் மேல கோவம் வந்துச்சு. படியில உக்காந்தப்ப என் மேலயே வந்துச்சு.

அந்தக் கட்டத்துல என் பேரை எழுத மாட்டேன். எழுதணும்னா நீ வந்து, அவ மூஞ்சியைப் பாத்து, உன்னால முடியாதுன்னு சொல்லு. தபால்ல சொல்ற விஷயமா இது? உங்க அக்காவும் அதையேதான் சொல்றா. அழுதுக்கிட்டே சொல்றா, ஆனா அதையேதான் சொல்றா.

உன் பொண்ணோட மாமா


மார்ச் 18

மச்சான்,

கவருக்குள்ள ஒரு பிளாஸ்டிக் நம்பர் இருக்கும். ஒண்ணு. மேனேஜர்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை வந்து சேரும்னு கூரியர்ல சொன்னாங்க, ரெண்டு தடவை கேட்டுக்கிட்டேன். வாலு கையில குடுங்க. விளக்கம் வேணாம், அவளுக்கே தெரியும். பழைய ரெண்டு இனி பெட்டிக்குள்ள போகாது, அது என் சட்டைப்பையில இருக்கு.

உங்க தெருக்கோடியில ஒரு வீடு காலின்னு அக்கா எப்பவோ சொன்னாங்களே, இன்னும் இருக்கான்னு பாருங்க. குழாய் ஒழுகினாலும் பரவாயில்ல, நமக்குத்தான் ஆள் இருக்காரே. ரேஸ் வாரம் அவ உங்க வீட்ல. மத்த நாள் என் வீட்ல. கட்டத்துல என் பேரை எழுதுங்க. அதுக்குக் கீழ, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல உங்க பேரு. கண்டிப்பா கூப்பிடுவேன் மச்சான், அடிக்கடி கூப்பிடுவேன்.

தலை வாரக் கத்துக்குடுக்கணும்னு அக்காகிட்ட சொல்லி வைங்க. புது ஷூ மட்டும் வாங்கிடாதீங்க. அவ காலை நான் அளக்கணும்.

புது டிரைவர்கிட்ட ஏழாவது சுத்துல கீழ் வரியைப் பாக்காதீங்கன்னு சொன்னேன். "யார் வரிண்ணா அது?"ன்னு கேட்டாரு. என் பொண்ணோடதுன்னேன்.

சனிக்கிழமை ஸ்டேஷன்ல இறங்கினதும் போன் பண்றேன். நீங்களே எடுங்க. அலோன்னு சொல்லுங்க. எப்பவும் போல இழுத்தே சொல்லுங்க.

மாப்ளே