நாலு மணல் மூட்டை

பாளையங்கோட்டை
8.1.2025

அன்புள்ள சாலோமிக்கு, கிங்ஸ்லி எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நலம். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது; அதனால்தான் தபால். இன்னொரு காரணம், இத்துடன் இருக்கும் படிவம். பிப்ரவரி 22-ஆம் தேதி குஜராத்தில் உப்புத் தரையில் வேகப் போட்டி. நம் பிக்கப் வண்டியைச் சேர்க்க உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். ஆர்.சி. உன் பெயரில் இருக்கிறது. நகல் செல்லாதாம்.

வண்டியைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. கூரையை நான்கு அங்குலம் வெட்டிக் குறைத்து மறுபடி பற்றவைத்தாயிற்று. பெரிய டர்போ, உள்ளே இரும்புக் கூண்டு, வாழைத்தார் ஏற்றிய தொட்டிக்குத் தகர மூடி. சீட்டை என் அளவுக்குப் பின்னால் தள்ளி, போல்ட் போட்டு இறுக்கிவிட்டேன். இனி முட்டி ஸ்டியரிங்கில் இடிக்காது. மணிக்கு நூற்று எண்பது கிலோமீட்டரைத் தொட்டுவிடுவேன் என்று லேத் பட்டறைக் குமரவேலிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. அத்தைக்கு ஸ்தோத்திரம் சொல்.

இப்படிக்கு,
கிங்ஸ்லி


திசையன்விளை
14.1.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா சுகம். கையெழுத்துப் போடவில்லை. படிவம் என் பெட்டிக்குள் இருக்கிறது.

ஆறு வருஷம் முக்கூடலில் இருந்து மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றி நான் ஓட்டிய வண்டி அது. சித்தி மகள் கல்யாணத்துக்குப் போய் நாலு நாளில் திரும்பினால் கூரை தரையில் கிடக்கிறது. "ஏன் அத்தான் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?" என்றதற்கு, "கேட்டா நீ விடமாட்டியே" என்றீர்கள். பஸ் ஏறி இங்கே வந்தது கூரைக்காக இல்லை, அந்தப் பதிலுக்காக. சீட்டை இறுக்கியதாக எழுதியிருந்ததை வாசித்து அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். தொட்டியில் பின் அச்சுக்கு நேர் மேலே நாலு மணல் மூட்டை போட்டிருந்தேனே, அவை எங்கே? தார் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அந்த வண்டி பின்பக்கம் துள்ளும், வளைவில் வழுக்கும். அதற்காகத்தான் போட்டேன். "சும்மா எதுக்கு மண்ணச் சொமக்க?" என்று எத்தனை தரம் கேலி செய்திருப்பீர்கள். உப்பில் தார்ச்சாலை அளவுக்குக்கூடப் பிடிப்பு இருக்காது. எனக்குப் பயமாக இருக்கிறது.

சாலோமி


பாளையங்கோட்டை
23.1.2025

அன்புள்ள சாலோமி,

மூட்டைகளைத்தான் முதலில் தூக்கி எறிந்தேன். பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்று கணக்கு.

போன சனிக்கிழமை, பூட்டிக் கிடக்கும் ஒரு ஆலைக்குள் அனுமதி வாங்கி ஓட்டிப் பார்த்தோம். நூற்று முப்பதில் பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடியது பார், உடனே வேகத்தைக் குறைத்துவிட்டேன். "ஏலே, வண்டி என்னமா வாலாட்டுது!" என்றான் குமரவேல். டயர், ஸ்பிரிங், அச்சு எல்லாவற்றையும் ஞாயிறு ஆராதனைக்குக்கூடப் போகாமல் கழற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. திங்கள்கிழமை உன் கடிதம் வந்தது.

மூட்டைகள் பட்டறைச் சுவரோரம் கிடந்தன. ஒன்றை நாய் கிழித்திருந்தது, தைத்தேன். நீ சொன்ன இடத்தில் பட்டை போட்டுக் கட்டி மறுபடி ஓட்டினோம். நூற்று ஐம்பது வரைக்கும் நூல் பிடித்த மாதிரி போனது. அதற்கு மேல் வண்டி தயாராகத்தான் இருந்தது, எனக்குத்தான் தைரியம் வரவில்லை, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டேன். குமரவேலிடம் எஞ்சின் சூடாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

கேட்காமல் வெட்டியது தப்பு. நான் சொன்ன பதில் அதைவிடத் தப்பு. மன்னித்துக்கொள். நான் மெக்கானிக், நீதான் டிரைவர். ஆறு வருஷத்தில் இதை ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை.

புதிய படிவம் வைத்திருக்கிறேன். பழையதைக் கிழித்துவிடு. ஓட்டுநர் பெயரை இதில் எழுதவில்லை. கையெழுத்து உன் இஷ்டம். வேண்டாம் என்றால் வேறு கூரை வாங்கிப் பொருத்தி, பழையபடி தார் வண்டியாகவே உன் கையில் தருகிறேன்.

கிங்ஸ்லி


திசையன்விளை
29.1.2025

அன்புள்ள அத்தானுக்கு,

பழையபடி மாற்ற வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். காலியாக விட்டிருந்த கட்டத்தில் என் பெயரையே எழுதியிருக்கிறேன். "ஏட்டி, ஒனக்குக் கூறு இருக்கா?" என்று அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று வழிக்கு முறுக்கு சுட மாவு திரித்து வைத்திருக்கிறாள்.

படிவத்தைத் தபாலில் அனுப்பவில்லை. திங்கள்கிழமை காலை பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். கோபம் முழுக்கத் தீரவில்லை. குஜராத் தூரம்தானே, மீதியைப் போகிற வழியில் பேசிக்கொள்ளலாம்.

நான் வருவதற்குள் அந்த போல்ட்டைக் கழற்றி, சீட்டை முன்னால் தள்ளி வையுங்கள். நீங்கள் வைத்திருக்கும் இடத்தில் என் கால் எட்டாது.

சாலோமி