மேட்டுத் தெரு மூட்டை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. போனில் பேசினால் அவசரமாக வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

உங்கள் அண்ணன் போய் இரண்டு மாதம் ஆகிறது. குப்பை பிரிக்கும் ஷெட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்கு ஆறு பெண்களும் வருகிறார்கள், ஆனால் பயந்துகொண்டு. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மேட்டுத் தெருவிலிருந்து அவர் வண்டியில் தள்ளிவரும் மூட்டையில் பால் பாக்கெட்டுகள் கழுவி, முக்கோணமாக மடித்து, நுனி உள்ளே செருகியிருக்கும். "வழி நெடுக நானே மடிச்சது" என்று பீற்றிக்கொள்வார். இப்போது வண்டி தள்ளும் கூலிப் பையன் எதையும் மடிப்பதில்லை, ஆனாலும் அவை அப்படியே வருகின்றன. "அண்ணன் இன்னும் ரவுண்டு போறாருக்கா" என்று ஒருத்தி மூட்டையைக் கீழே போட்டுவிட்டாள். அதட்டினேன். ஆனால் அந்த மூட்டையை நான்தான் பிரிக்கிறேன். வேறு யாரையும் தொட விடுவதில்லை.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 19

அண்ணிக்கு,

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த இடம் அந்த ஷெட். இடம் என் பேரில்தானே இருக்கிறது, விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன். அந்த ஆறு பேருக்கும் வேறு வேலை கிடைக்காதா என்ன? நீங்கள் தனியாக உட்கார்ந்து அந்த மூட்டையைப் பிரிப்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

கோபம்தான். அவர்களுக்கு வேறு வேலை கிடைத்திருந்தால் உங்கள் அண்ணன் ஷெட்டே போட்டிருக்க மாட்டார்.

நேற்று வண்டியோடு நானே மேட்டுத் தெருவுக்குப் போனேன். ஒரு வீட்டு அம்மா என்னோடு பேசிக்கொண்டே பாக்கெட்டை மடித்தார், முக்கோணமாக. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "உங்க வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்ததும்மா. இப்படி மடிச்சாத்தான் எடுப்பேன்னு வாசல்ல நின்னு அடம்பிடிப்பாரு. தெரு முழுக்க இப்படித்தான்" என்றார். ஆக, அவர் வீட்டுக்கு ஒன்றாக மடித்துக் காட்டியதோடு சரி. புளுகு மூட்டை!

ஷெட்டில் வந்து சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், தைரியமாக மூட்டையில் கைவைத்தார்கள். நான் பின்பக்கம் போய் அழுதேன். அவர் வந்துபோகிறார் என்றே நானும் நம்பிக்கொண்டிருந்தேன், தம்பி. இப்போதுதான் அவர் நிஜமாகவே இல்லை. ஷெட்டும் போய்விட்டால் நான் அவரை எங்கே போய்த் தேடுவேன்?

அண்ணி

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

விற்கவில்லை. இடத்தை உங்கள் பேருக்கே மாற்றச் சொல்லிவிட்டேன். அந்த ஆறு பேரிடமும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் ஒன்று மடித்துப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. இங்கே பால் பாட்டிலில்தான் வருகிறது. மேட்டுத் தெரு மூட்டையிலிருந்து ஒரு பாக்கெட்டை மடித்தபடியே உறையில் வைத்து அனுப்புங்கள். பிரிக்க மாட்டேன்.

உங்கள்
தம்பி